விசாகப்பட்டினமும் ஒரு மஞ்சள் கார்டும்

கொசுவத்தி சுத்தி ரொம்ப நாளாச்சு மக்களே. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. போன வாரம் ஊருக்குப் போயிருந்தப்ப அக்கா பழைய ஆல்பத்தை எடுத்துப் போட்டா. அதுல ஒரு போட்டோ. நீர்மூழ்கிக் கப்பல் முன்னாடி நான், அக்கா, அம்மா. நான் மூஞ்சியை உர்ருன்னு வெச்சிட்டு நிக்கிறேன். போட்டோ எடுத்தது அப்பா, அதனால அவர் இல்ல. அந்த டூர்ல எடுத்த முப்பத்தாறு போட்டோவுல எதுலயுமே அவர் கிடையாது. அப்போ யாருக்கும் அது தோணலை.

2008 மே மாசம். நான் அஞ்சாவது முடிச்சிருந்தேன். அப்பா கும்பகோணத்துல போஸ்ட் ஆபீஸ் உத்தியோகம். மத்திய அரசு ஊழியர் வீட்டுப் பிள்ளைங்களுக்கு எல்.டி.சி.ன்னா என்னன்னு விளக்க வேண்டாம். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை இந்தியாவுல எங்க வேணாலும் போகலாம், டிக்கெட் காசை சர்க்கார் குடுக்கும். 2006-09 பிளாக்கோட டூர் அது. அக்கா தாஜ்மகால்னா. அம்மா காசின்னாங்க. நான் எதையும் யோசிக்காம ஊட்டின்னேன் (ஊட்டிக்கு எதுக்குடா எல்.டி.சி.ன்னு அக்கா சிரிச்சா). அப்பா எல்லாத்தையும் கேட்டுட்டு, "விசாகப்பட்டினம் போறோம்"னார். ஏன்னு கேட்டதுக்கு, "கப்பல் பாக்கலாம்டா". அவ்வளவுதான்.

அந்தச் சமயம் விழுப்புரம் பக்கம் மீட்டர் கேஜை அகலப்பாதையா மாத்திட்டு இருந்தாங்க. அதனால சென்னை வரைக்கும் பஸ். சென்ட்ரல்ல ராத்திரி ஹவுரா மெயில். விடிஞ்சப்போ ஜன்னலுக்கு வெளிய போர்டு எல்லாம் ஜிலேபி ஜிலேபியா தெலுங்கு. கோதாவரிப் பாலம் வந்ததும் அம்மா கன்னத்துல போட்டுக்கிட்டு காசை எறிஞ்சாங்க. மதியம் போய் இறங்கினோம். ஜகதாம்பா சென்டர் பக்கத்துல லாட்ஜ். சாயங்காலம் ராமகிருஷ்ணா பீச். மெரினா மாதிரி பரந்த மணல் இல்ல, ரோட்டை ஒட்டியே கடல். அலை ஆளை இழுக்கும், குளிக்க விடமாட்டாங்க. பொரியில வெங்காயம், மிளகாய்ப் பொடி, எலுமிச்சை எல்லாம் போட்டுக் குலுக்கி முரி மிக்சர்னு குடுப்பாங்க. கண்ணுல தண்ணி வரும், ஆனா நிறுத்த முடியாது.

அந்த பீச்ல தான் ஐ.என்.எஸ். குர்சுரா நிக்குது. ரஷ்யாக்காரங்க கட்டிக் குடுத்து 1969-ல நம்ம கடற்படையில சேர்ந்த நீர்மூழ்கி. 2001-ல ஓய்வு குடுத்து, கடல்ல இருந்து இழுத்துட்டு வந்து கரையில உக்கார வெச்சு, 2002-ல மியூசியம் ஆக்கிட்டாங்க. தொண்ணூறு மீட்டருக்கு மேல நீளம். ராத்திரி லைட்டுல ரோட்டோரமா ஒரு திமிங்கலம் படுத்திருக்கிற மாதிரி இருந்துச்சு. நாளைக்கு உள்ள போறோம்னு அப்பா சொன்னார். நான் தூங்கவே இல்ல.

மறுநாள் போனா கதவு சாத்தியிருக்கு. திங்கக்கிழமை லீவாம்!

நான் அங்கயே உக்காந்துட்டேன். சரி, கைலாசகிரி கூட்டிட்டுப் போங்க, கம்பியில தொங்குற வண்டியில போகலாம்னு அழுதேன். அப்பா வாட்சைப் பார்த்தார். "நீங்க ரூமுக்குப் போங்க. எனக்கு ஒரு சின்ன வேலை இருக்கு, வந்துடறேன்"னார். டூர் வந்த இடத்துல என்ன வேலை? "ஊர் சுத்திக் காட்டத்தானே கூட்டிட்டு வந்தீங்க, இங்கயும் ஆபீஸா?"ன்னு நான் கத்தினேன். அம்மா தொடையில ஒண்ணு வெச்சாங்க. அப்பா ஒண்ணும் சொல்லாம பஸ் ஏறிட்டார். திரும்பி வந்தப்போ ராத்திரி மணி ஒன்பது. சாப்பாடு வேண்டாம்னு படுத்துட்டார். அம்மாவும் எதுவும் கேட்கலை.

செவ்வாய்க்கிழமை அரக்கு. இதைப் பத்தித் தனிப் பதிவே போடலாம். காலையில கிரந்துல் பாசஞ்சர். பைலடிலா இரும்புத் தாதுவை ஜப்பானுக்குக் கப்பல்ல ஏத்தறதுக்காக 1960-கள்ல போட்ட பாதை அது. இரும்புக்குப் போட்ட பாதையில நாம ஓசியில மலை பாக்கறோம். சுரங்கப்பாதை ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துட்டே இருக்கும். ஒவ்வொண்ணுலயும் பெட்டி மொத்தமும் "ஓஓஓ"ன்னு கத்தும். நானும் அக்காவும் எண்ணினோம். பாதியில கணக்கு இடிச்சுது, சண்டை, மறுபடி சமாதானம், மறுபடி ஒண்ணுல இருந்து. நடுவுல சிமிலிகுடான்னு ஒரு ஸ்டேஷன். அகலப்பாதையில நாட்டுலயே உயரமான ஸ்டேஷன்னு அதுக்கு ஒரு பெருமை இருந்துச்சு. அதே 2008 அக்டோபர்ல காஷ்மீர் பள்ளத்தாக்குல ரயில் ஓட ஆரம்பிச்சதும் அந்தப் பெருமை போச்சு. போரா குகையில சுண்ணாம்புக்கல் மேல இருந்து சொட்டிச் சொட்டித் தூணாவும் லிங்கமாவும் நிக்கும். அம்மா ஒவ்வொண்ணுக்கும் கும்பிடு போட்டாங்க.

அப்பா அன்னிக்கு முழுக்க ஜன்னலோரம். சுரங்கத்துக்குள்ள போய் வெளிய வர்றப்ப எல்லாம் பாத்தேன், அதே இடத்துல அதே மாதிரி உக்காந்திருந்தார்.

புதன்கிழமை காலையில சிம்மாசலம். அங்க நரசிம்மருக்கு வருஷம் பூரா சந்தனக் காப்பு. அட்சய திரிதியை ஒரு நாள் மட்டும் சந்தனம் இல்லாம நிஜரூபம் பாக்கலாம். அந்த வருஷம் அது மே ஆரம்பத்துலயே முடிஞ்சுபோச்சு, நாங்க பாத்தது சந்தன உருண்டையைத்தான். குலோத்துங்க சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிற கோயில். விசாகப்பட்டினத்துக்கே ஒரு காலத்துல குலோத்துங்க சோழப்பட்டினம்னு பேர் இருந்துச்சாம். "பாத்தியா, நம்ம ஊர்ப் பக்கத்து ஆளுங்க ஆயிரம் வருஷம் முன்னாடியே இங்க வந்துட்டாங்க"ன்னு அப்பா சொன்னார். அந்த டூர்ல அவரா பேசின ஒரே வாக்கியம் இதுதான்னு நினைக்கிறேன்.

மதியத்துக்கு மேல ஒருவழியா குர்சுரா. உள்ள நுழைஞ்சா ஒரு ஆள் அகலத்துக்கு வழி. ரெண்டு பக்கமும் குழாய், சக்கரம், மீட்டர். முன்பக்கம் டார்பிடோ விடற குழாய்ங்க. ஒண்ணுக்கு மேல ஒண்ணா படுக்கை, புரண்டு படுத்தா கீழ விழணும். இதுக்குள்ள எழுபத்தஞ்சு பேர் கிட்ட வாரக்கணக்குல இருப்பாங்களாம். ஒவ்வொரு அறைக்கும் நடுவுல வட்டமா ஒரு ஓட்டை, காலை முதல்ல விட்டு, குனிஞ்சு, தலையை அப்புறம் கொண்டு போகணும். எங்கப்பா ஆறடி. ரெண்டாவது ஓட்டையில மடார்னு இடிச்சுக்கிட்டார். எல்லாரும் சிரிச்சோம். அவரும் சிரிச்சார். சிரிச்சிட்டே அங்க ஒரு ஓரமா சாய்ஞ்சு கர்சீப்பால கண்ணைத் தொடைச்சார். தொடைச்சிட்டே இருந்தார். பின்னாடி வர்றவங்க நகரச் சொல்லித் தெலுங்குல கத்தறாங்க. அம்மா என்னைத் தள்ளிட்டு முன்னாடி போயிட்டாங்க. நல்ல அடி போலன்னு நினைச்சேன். வெளிய வந்து எடுத்ததுதான் அந்த போட்டோ. என் உர்ருக்குக் காரணம், கைலாசகிரி ரோப் கார் இன்னும் பாக்கி இருந்தது :-)

(அன்னிக்குச் சாயங்காலமே கூட்டிட்டுப் போயிட்டார். மேல இருந்து கடலையும் வளைஞ்சு போற ரோட்டையும் பாத்தது இப்பவும் கண்ணுல இருக்கு.)

வியாழக்கிழமை மதியம் திரும்பற ரயில். விசாகப்பட்டினத்துல ஹவுரா மெயில் வந்த வழியே திரும்பிப் போய்தான் சென்னைப் பாதையைப் பிடிக்கும். எஞ்சினைக் கழட்டி மறு கோடியில மாட்டுவாங்க. ரயில் கல்கத்தாவுக்கே திரும்பிப் போகுதுன்னு நான் பயந்துபோய் அம்மா கையைப் பிடிச்சிட்டிருந்தேன். அப்பதான் ஒருத்தர் ஜன்னல் ஜன்னலா பாத்துட்டு வேகமா வந்தார். வேர்த்துக் கொட்டுது. எஞ்சின் மாறினதுல எங்க பெட்டி எந்தப் பக்கம்னு குழம்பிட்டார் போல. அக்கா கையில ஒரு அட்டைப்பெட்டியைக் குடுத்து, தமிழ்ல, "வெச்சுக்கோம்மா"ன்னார். அப்பா கதவுகிட்ட நின்னுட்டிருந்தார்.

"அம்மா நல்லா இருக்காங்களா?"

"ம். முழங்கால் வலிதான்."

ரயில் நகர்ந்துடுச்சு. பெட்டியில மாடுகுலா அல்வா. கோதுமைப் பால்ல செய்யறது, அந்தப் பக்கத்துல பிரசித்தம். "யாரும்மா அது?"ன்னேன். "உன் சித்தப்பாடா"ன்னாங்க அம்மா. எனக்கு சித்தப்பான்னு ஒருத்தர் இருக்கிறது பாட்டி வீட்டுக் கல்யாண போட்டோவுல பாத்ததோட சரி. சாமல்கோட் வர்றதுக்குள்ள நானே கால்வாசி அல்வாவைக் காலி பண்ணிட்டேன்.

மீதிக் கதை எனக்குத் தெரிஞ்சது 2013-ல. அந்த ஜூலையில நாட்டுல தந்தி சேவையையே நிறுத்தினாங்க இல்லையா, பேப்பர்ல அந்தச் செய்தியைப் படிச்சிட்டு அப்பா பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, காபியைக் குடிக்காம எழுந்து போயிட்டார். அப்ப அம்மா சொன்னாங்க.

தாத்தா செத்தது 1999-ல. சித்தப்பா விசாகப்பட்டினத்துல கப்பல் ரிப்பேர் கம்பெனி ஒண்ணுல காண்டிராக்ட் வேலை. ஃபோன் கிடையாது. அப்பாதான் தந்தி குடுத்தார். ஃபாதர் எக்ஸ்பயர்ட், ஸ்டார்ட் இம்மீடியட்லி. விலாசத்தை மனப்பாடமா எழுதினார். அது பழைய விலாசம். சித்தப்பா வீடு மாறி அஞ்சாறு மாசம் ஆகியிருந்தது. பழைய வீட்டுக்காரர் தேடிக் கண்டுபிடிச்சுக் குடுத்து, சித்தப்பா வந்து சேர்ந்தது எட்டாம் நாள். வாசல்ல நின்னு கேட்டாராம்: "ஊருக்கெல்லாம் கடுதாசி பிரிச்சுக் குடுக்கிற, என் விலாசம் மட்டும் உனக்குத் தெரியலையா? நான் வந்து பங்கு கேட்பேன்னு பயந்துட்டியா?" அப்பா, "நீ புது விலாசம் எழுதவே இல்லையேடா"ன்னு சொல்லியிருக்கார். எழுதினேன், எழுதலை, எழுதினேன், எழுதலை. கருமாதி முடிஞ்ச கையோட சித்தப்பா கிளம்பிட்டார். ஒன்பது வருஷம் பேச்சே இல்ல.

எங்க வீட்டுல கடுதாசி எல்லாம் ஒரு வளைஞ்ச கம்பியில குத்தித் தொங்கும். பழைய வீடுகள்ல பாத்திருப்பீங்க. 2008-ல வெள்ளையடிக்கும்போது அம்மா அதைக் கழட்டியிருக்காங்க. நடுவுல ஒரு மஞ்சள் கார்டு. சித்தப்பா கையெழுத்து. கஜுவாகா புது விலாசம். போஸ்ட் ஆபீஸ் முத்திரை 1998. அப்பாதான் வாங்கிப் படிச்சுக் குத்தி வெச்சிருக்கார். மறந்துட்டார். ஒரு நாளைக்கு ஆயிரம் விலாசம் பாக்கற மனுஷன்.

அந்தக் கார்டை எடுத்துக்கிட்டுத்தான் விசாகப்பட்டினம் போயிருக்கார். திங்கக்கிழமை சாயங்காலம் அந்த விலாசத்துக்கே போய் நின்னா, சித்தி வந்து, "அவர் ஷிப்டுக்குப் போயிருக்கார்"னாங்களாம். சித்தப்பா செருப்பு வாசல்ல கெடந்துச்சு. அப்பா தெரு முனையில ரெண்டு மணி நேரம் நின்னு பாத்துட்டு, எந்த ரயில், எந்தப் பெட்டின்னு மட்டும் சித்திகிட்ட சொல்லிட்டு வந்திருக்கார். நான் இங்கயும் ஆபீஸான்னு கேட்டது அதே நாள்தான்.

அல்வாவுக்கு அப்புறம் பொங்கல், தீபாவளிக்கு ஃபோன். நாலு வார்த்தை. 2014 அக்டோபர் 12-ம் தேதி ஹுட்ஹுட் புயல் நேரா விசாகப்பட்டினத்துல கரை ஏறிச்சு. மணிக்கு 180 கிலோமீட்டர் கிட்ட காத்து. கரண்ட் இல்ல, ஃபோன் இல்ல. அப்பா மூணு நாள் ஒரே நம்பரை அழுத்திட்டே இருந்தார். ரிங் போகாத ஃபோனைக் காதுலயே வெச்சிருப்பார். நாலாம் நாள் அங்க இருந்தே வந்துச்சு. "ஓடு பறந்துடுச்சுண்ணே. நாங்க இருக்கோம்." அப்பா தரையில உக்காந்துட்டார். அன்னில இருந்து வாரா வாரம் ஞாயித்துக்கிழமை பேசறாங்க. ஆனா கார்டு விஷயத்தை மட்டும் அப்பா சொல்லவே இல்ல. தப்பு தன்னோடதுதான்னு சித்தப்பாவுக்குத் தெரியாது. எழுதிப் போட்டது தபால்ல தொலைஞ்சிருக்கும்னு அவரே ஒரு சமாதானம் பண்ணிக்கிட்டார், அப்பாவும் அதை அப்படியே விட்டுட்டார். எனக்கு இதுல அப்பா மேல கோவம் உண்டு. ரெண்டு தடவை சண்டையே போட்டிருக்கேன்.

2024-ல சித்தப்பா பொண்ணு கல்யாணத்துக்கு எல்லாரும் போனோம். மறுநாள் சாயங்காலம் பீச். குர்சுராவுக்கு எதிர்ல இப்ப டி.யு.-142 விமானத்தையும் மியூசியம் ஆக்கி வெச்சிருக்காங்க, 2017-ல இருந்து. நான் அதைப் பாத்துட்டுத் திரும்பி வந்தா, ரெண்டு பேரும் கடல் பக்கச் சுவர்ல உக்காந்திருக்காங்க. சித்தப்பா கண்ணாடியை மாட்டிட்டு எதையோ கிட்டத்துல வெச்சுப் படிக்கிறார். மஞ்சள் கார்டு. ஓரமெல்லாம் பழுப்பு, நடுவுல கம்பி குத்தின ஓட்டை.

அப்பா கடலையே பாத்துட்டிருந்தார்.

சித்தப்பா முன்பக்கம் பாத்தார், பின்பக்கம் பாத்தார், முத்திரைத் தேதியை விரலால தடவிப் பாத்தார். ரொம்ப நேரம் கழிச்சு, "அப்ப என் கையெழுத்து நல்லாத்தான் இருந்திருக்கு"ன்னார். கார்டைத் தன் சட்டைப் பைக்குள்ள போட்டுக்கிட்டார். அப்புறம் எழுந்து வேட்டியைத் தட்டிட்டு, "மிக்சர் சாப்பிடறியாண்ணே?"

"காரம் கம்மியா போடச் சொல்லு"ன்னார் அப்பா.

எனக்கும் ஒரு பொட்டலம் வந்துச்சு. காரம் கம்மியா எல்லாம் இல்ல.