ஆர்ட்ஸ் படிக்கவா ஜப்பானுக்கு?

பாலாவிச் சந்தி. கொழும்பு–புத்தளம் வீதியிலிருந்து கற்பிட்டிப் பக்கம் திரும்பும் முனையில் ஒரு கொமியூனிகேஷன் கடை. போட்டோக்கொப்பி, லெமினேட்டிங், ரீலோட், வெளிநாட்டு விண்ணப்பம் எல்லாம் ஒரே மேசையில்தான் நடக்கும். கண்ணாடிக் கதவில் ஜப்பானிய மொழி வகுப்பு விளம்பரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கின்றன. ஜப்பானுக்குத் தொழிலாளர் அனுப்பும் உடன்பாடு 2019இல் வந்தபின் முதியோர் பராமரிப்புக்கு ஆள் சேர்க்கும் விளம்பரமே அதிகம். உப்பளக் காற்று பட்டுப் பட்டு அவற்றின் ஓரங்கள் சுருண்டுகொண்டிருந்தன.

எனக்கு முன்னால் ஒரு வாப்பாவும் மகளும். அவர் கருவாட்டு யாவாரி என்பதை அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மகளுக்கு இருபது வயதுகூட இராது. பிளாஸ்டிக் ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள்.

"ஜப்பானுக்கா மகள்? கெயார்கிவரா?" என்றார் முதலாளி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இல்ல நானா. கெம்பஸுக்கு."

"ஆ, ஐ.டி.யா?"

"ஆர்ட்ஸ்."

இப்போது கண்ணை எடுத்தார். "ஆர்ட்ஸ் படிக்கவா ஜப்பானுக்கு? அத இங்க ஒலுவில் கெம்பஸ்ல ஃப்ரீயாத் தாறானே!"

வரிசையில் நின்ற இருவர் சிரித்தார்கள். வாப்பாவும் பாதி சிரித்தார். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. இந்தக் கரைக்கு ஜப்பான் என்றால் படகில் பூட்டும் யமஹா எஞ்சின், வீதியில் ஓடும் டொல்பின் வேன். ஒரு காலத்தில் இறாலும். களப்போரப் பண்ணைகளில் வளர்ந்த இறாலை ஜப்பான் வாங்கிக்கொண்டிருந்தது. 1996இல் வெள்ளைப்புள்ளி நோய் விழுந்து, பண்ணைகள் பல வெறும் குட்டைகளாயின. தெற்கே வென்னப்புவ பக்கம் வீட்டுக்கு ஒருவர் இத்தாலியில். ஆக, வெளிநாடு என்பது உழைக்கப் போகும் இடம். வரலாறும் சமூகவியலும் படிக்கக் கடல் தாண்டுவது எந்தக் கணக்கிலும் சேராது.

ஜப்பானுக்கோ இந்தப் படிப்பு பழைய சங்கதி. தோக்கியோவுக்குப் பக்கத்து மித்தாகாவில் உள்ள சர்வதேசக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் 1953இலேயே நான்காண்டு கலைப்படிப்பைத் தொடங்கிவிட்டது. வசேதா 2004இல் அதற்கென்றே ஆங்கில வழியில் ஒரு பீடம் திறந்தது. இந்தப் பிள்ளை கேட்டிருப்பது கியூஷுத் தீவின் பெப்பு நகரை. மலைமேலிருந்து குடாக்கடலைப் பார்த்தபடி 2000ஆம் ஆண்டு தொடங்கிய ரிட்சுமெய்கன் ஆசிய பசிபிக் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. மாணவரில் ஏறத்தாழப் பாதிப் பேர் வெளிநாட்டார். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். ஜப்பானிய மொழியையும் கூடவே படித்தாக வேண்டும்.

"ஃபீஸ்?" என்றார் முதலாளி.

"வருஷத்துக்குப் பத்து இலட்சம் யென்னுக்கு மேல. பாத்துக் கழிச்சுத் தருவாங்க."

யென்னை ரூபாயாக்கிப் பார்த்தவர் வாப்பாவை ஒருமுறை ஏறிட்டார். வாரம் 28 மணித்தியாலம் வேலை செய்ய விடுவார்களாம் என்றார் வாப்பா. அந்த ஒரு விவரம் மட்டும் அவருக்கு மனப்பாடம்.

விண்ணப்பத்தைத் தட்டிக்கொண்டிருந்த பையன் 'நிரந்தர முகவரி' கட்டத்தில் நின்றான். "பாலாவிதானே?"

வாப்பா வாயெடுக்கவில்லை. மகள் அவரைப் பார்த்தாள். "எருக்கலம்பிட்டி, மன்னார்" என்றார் கடைசியில். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னார்த் தீவார் பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். அந்த வள்ளமொன்றில் இவரும் சிறுபிள்ளையாக இருந்திருக்க வேண்டும்.

"அங்க கடிதம் போனா யாரு வாப்பா எடுப்பா?"

"அப்ப பாலாவியே போடு."

பையன் ஒரே வரியைக் கொப்பி பண்ணி இரண்டு கட்டத்திலும் ஒட்டினான்.

அடுத்தது கட்டுரை. ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த இடம் என்று எழுத வேண்டும். திரை எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. முதலாளி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "என்ன மகள், மையவாடிக் கதையா?" என்றார்.

அவள் சொன்னாள். குரல் உயரவில்லை, தடுமாறவும் இல்லை. 2020இல் கொரோனா மௌத்துகளை எரிக்கத்தான் வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டது. அடக்கினால் நிலத்தடி நீர் கெடும் என்றது. அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. 2021இல்தான் ஓட்டமாவடியில் இடம் கிடைத்தது. பெப்புவிலும் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. பக்கத்து ஹிஜி ஊரில் அடக்கக் காணி கேட்டால், குடிதண்ணீர் கெடும் என்று ஊரார் எதிர்த்தார்கள். பிறகு ஒருவாறு இணங்கி வந்தபோது, 2024இல் வந்த புது மேயர் ஊராட்சிக் காணியை விற்க மாட்டேன் என்றுவிட்டார்.

"ரெண்டு நாட்டிலயும் ஒரே காரணம் நானா. இங்க உள்ளவங்களுக்கு அவங்களத் தெரியாது, அவங்களுக்கு எங்களத் தெரியாது. தண்ணியில உண்மையாவே என்ன இருக்கு, பயத்துல என்ன இருக்குண்டு பிரிச்சுப் பாக்கணும். அதுக்கு சயன்ஸ் மட்டும் காணாது."

சிரித்த இருவரில் ஒருவர் தொண்டையைச் செருமினார். முதலாளி சுட்டியைப் பிடித்த கையை அசைக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொழிலுக்குத் திரும்பினார்.

"இத எழுதினா விசா தருவானா?"

"இது விசாவுக்கில்ல. கெம்பஸ்காரங்களுக்கு."

"இதையே ஒலுவில்ல இருந்து எழுதலாமே?"

"ஒலுவிலுக்கும் போடுவேன் நானா. இசட் ஸ்கோர் வரட்டும்."

அச்சியந்திரம் தாளைத் தள்ளத் தொடங்கியது. வாப்பா சட்டைப் பைக்குள் கையை விட்டார். "பக்கம் எவ்வளவு?"

"கலர்ல நாப்பது."

"கறுப்புல அடிங்க."