கருப்பாகப் போனதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை

பத்து நாளாக ஆளையே காணோம் என்று கேட்டிருந்தீர்கள். என் மச்சினன் ஆஸ்பத்திரியில் இருந்தான். இப்போது துடியலூர் வீட்டுக்கு வந்துவிட்டான்.

ராத்திரி 2 மணிக்கு வாந்தி என்று எழுந்தவன், அரை வாளி ரத்தம் கக்கினான். வீட்டுக்காரம்மா மோர் கலக்க ஓடினாள். 108-க்குப் போன் செய்தால், "வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க" என்றார்கள். இல்லையென்றால் நானே ஊற்றியிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி, "குடிப்பாருங்களா?" ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஆனால் பதினைந்து வருடச் சர்க்கரை, உடம்பில் கொழுப்பு. கல்லீரல் சத்தமில்லாமல் சுருங்கியிருக்கிறது. இரண்டு நாளாக மலம் தார் மாதிரிக் கருப்பாகப் போயிருக்கிறது. ராகிக் களி சாப்பிட்டதால் என்று இருந்துவிட்டான்.

வகுப்பில் போர்ட்டல் சிரையை எத்தனை வருடம் வரைந்திருப்பேன்! குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலுக்குள் போக வேண்டும். அங்கே மடை அடைத்துக்கொண்டால் தண்ணீர் சும்மா நிற்குமா? பக்கத்து வாய்க்காலில் ஏறும். உணவுக்குழாயின் மெல்லிய நரம்புகள்தான் அந்த வாய்க்கால். புடைத்துப் புடைத்து ஒருநாள் வெடிக்கிறது.

அந்த அழுத்தத்தைக் குறைக்க ஊசி மருந்து, தொற்று வராமலிருக்க ஆன்டிபயாடிக் இரண்டையும் உடனே ஏற்றினார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி விட்டு, புடைத்த நரம்புகளைச் சின்ன ரப்பர் வளையம் போட்டு இறுக்கிவிட்டார்கள். அதுவும் நிற்காவிட்டால் பலூன் குழாய் உண்டாம். செங்ஸ்டேக்கனும் பிளேக்மோரும் 1950-இல் கொண்டுவந்தது. நல்லவேளை, அது தேவைப்படவில்லை.

விடிவதற்குள் ரத்தம் கொடுக்க என் பழைய மாணவர்கள் ஆறு பேர் வந்து நின்றார்கள். ஹீமோகுளோபின் 5.8. டாக்டர் இரண்டு யூனிட்டோடு நிறுத்திவிட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பசங்க இத்தனை பேர் நிக்கறாங்க, இன்னும் ஏத்துங்க சார்" என்று சண்டைக்கே போனேன். அவர் உட்கார வைத்துச் சொன்னார்: "அளவுக்கு மேல ரத்தம் ஏத்துனா அழுத்தம் கூடி மறுபடி உடையும்ங்க. 7, 8 போதும்." 2013-இல் பார்சிலோனாவில் இப்படி இரைப்பை, உணவுக்குழாயில் ரத்தம் கசிந்த 921 பேரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 7-க்குக் கீழே போனால் மட்டும் ஏற்றியவர்களில் 95 சதவீதம் பேர் ஆறு வாரம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். தாராளமாக ஏற்றியவர்களில் 91. முப்பத்தைந்து வருடம் பாடம் நடத்தியவன், வாயை மூடிக்கொண்டேன்.

அந்த ஆறு பேரும் அப்படியே திரும்பிவிடவில்லை. ரத்த வங்கியில் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நரம்புகள் முழுதாக அடங்கும்வரை சில வாரத்துக்கு ஒருமுறை வளையம் போட வேண்டும். அழுத்தம் குறைய தினமும் மாத்திரை. சர்க்கரை உள்ள சொந்தங்கள் கல்லீரலையும் ஒருமுறை ஸ்கேன் பார்த்துவிடுங்கள், குடிக்காதவர்களும்தான். மச்சினன் இப்போது குழைந்த சோற்றைப் பார்த்து, "அக்கா, இதுக்கு அந்த ஆஸ்பத்திரிச் சோறே தேவல" என்று முனகிக்கொண்டிருக்கிறான்.