மகளின் காதுத் தழும்பு

ஒரு தகப்பன் அவசரப்பட்டுச் செய்த பிழையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

என் மூத்த மகளுக்குக் காது குத்திய துளையின் பின்புறம் ஒரு தடிப்பு வந்தது. பயறு அளவாக இருந்தது ஒரு வருடத்தில் பேரீத்தங்கொட்டை அளவாகி, துளையின் எல்லையையும் தாண்டிப் பரவியது. வீட்டுக்குள்ளும் அவள் முக்காட்டை அகற்ற மறுத்தாள். பாமஸியில் வாங்கிப் பூசிய ஒயின்மென்டுகளுக்குக் கணக்கில்லை. 'வெட்டிவிட்டால் சரி' என்றார் ஒருவர், நானும் சம்மதித்தேன். எட்டு மாதத்தில் முன்னையதைவிடப் பெரிதாக வளர்ந்தது. "இனி வேணாம் வாப்பா" என்று அவள் அழுதாள்.

அதன் பிறகுதான் தோல் வைத்திய நிபுணரிடம் போனோம். இதற்குக் கீலோயிட் என்று பெயராம். காயம் ஆறிய பின்னும் தோல் கொலாஜன் என்ற நாரை நிறுத்தாமல் உண்டாக்கிக்கொண்டே இருப்பதால் வருவது. வெறுமனே வெட்டினால் அதுவும் புதுக் காயம்தானே!

சரி, பூசிய மருந்து ஏன் பலிக்கவில்லை? தோலின் மேற்படை ஒரு மயிரின் தடிப்பைவிட மெல்லியது. ஆனாலும் எதையும் இலகுவில் உள்ளே விடாத வாயிற்காவலன். (அந்தக் காவல் இல்லாவிட்டால் நம் உடம்பு ஒரு நாள் தாங்குமா? அல்ஹம்துலில்லாஹ்!) நோயோ அதற்குக் கீழே இருக்கிறது.

ஆகவே ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தைத் தழும்புக்குள்ளேயே ஊசியால் ஏற்றினார்கள், நான்கு வாரத்துக்கு ஒரு தடவை. தழும்பு இறுக்கமானது, மருந்து இலேசில் இறங்காது. முதல் தடவை அவள் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

ஊசிக்கு அஞ்சுவோருக்கு இன்னொரு வழியும் உண்டு. ஸ்டீரொயிட் ஊட்டிய ஒட்டுப் பட்டி. ஜப்பானில் இதை அதிகம் பாவிக்கிறார்கள். மூடி ஒட்டுவதால் மேற்படை ஈரத்தில் ஊறி, மருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். தழும்பின் அளவுக்கே வெட்டி ஒட்ட வேண்டும். நல்ல தோலில் பட்டால் அது மெலிந்து வெளிறிவிடும். தோலுக்குள் கரைந்துபோகும் நுண்ணிய ஊசிகள் பதித்த பட்டிகளையும் ஆராய்ந்து வருகிறார்கள்.

ஐந்து ஊசிகளுக்குப் பின் மகளின் தழும்பு தட்டையாகிவிட்டது. அடையாளம் இருக்கிறது, அரிப்பும் வலியும் இல்லை. மீண்டும் வளரக்கூடும் என்பதால் இன்னும் காட்டி வருகிறோம்.

இது குடும்பவழியிலும் வரக்கூடியதாம். இளையவளுக்கு இன்னும் காது குத்தவில்லை. அவளுடைய உம்மும்மா மாதம் இரண்டு தடவையாவது கேட்டுவிடுகிறார்.