கடலைக்குச் செம்மரம் உறவு

பிள்ளைகளே, ஆந்திர எல்லையோரம் நம் பாலசமுத்திரத்துப் பக்கம் விளையும் வேர்க்கடலைச் செடி முழங்கால் உயரம்கூட வராது. நாலு மாதத்தில் பிடுங்கிவிடுவோம். சேஷாசலக் காட்டுச் செம்மரத்துக்கோ வைரம் பாயவே பல பத்தாண்டுகள் வேண்டும். கடலை தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியை விட்டு வேறெங்கும் தானாக வளர்வதில்லை. இரண்டும் நெருங்கிய உறவு என்றால் நம்புவீர்களா?

அவரைக் குடும்பத்து மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்து, தாவர ஆய்வாளர் மாட் லாவினும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2001-ல் சொன்ன உண்மை இது. முன்பு செம்மரத்தை மரங்களும் கொடிகளும் நிறைந்த ஒரு கூட்டத்திலும், கடலையைச் சிறு செடிகள் மிகுந்த வேறொரு கூட்டத்திலும் வைத்திருந்தார்கள். மரபணு இரண்டையும் ஒரே கிளையில் கொண்டுவந்து நிறுத்தியது. மண்ணுக்கடியிலும் இதற்குச் சாட்சி உண்டு. இந்தக் கிளையின் வேர்முடிச்சுகள் ஒரே மாதிரியானவை. பக்கவேர் பிரியும் இடத்தில் உண்டாகின்றன. உயரமும் தண்டும் வாழ்கிற இடத்துக்கேற்ப மாறிவிடும். அதனால்தான் சொல்கிறேன், ஒருவரின் உடுப்பையும் நிற்கும் தோரணையையும் பார்த்து அவர் யாரென்று முடிவு கட்டாதீர்கள்.

இதைவிடப் பெரிய மாற்றம் 2017-ல் நடந்தது. ஏறக்குறைய 19,500 இனங்கள் கொண்ட இந்த அவரைக் குடும்பத்தை 19-ஆம் நூற்றாண்டிலிருந்து மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார்கள். பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி 3,696 இனங்களில் ஒரே மரபணுவைப் படித்து, அதை ஆறு துணைக்குடும்பங்களாக்கினார்கள். கொன்றையும் புளியும் ஒரே பிரிவில் இருந்தவை. இப்போது புளி தனியே போய்விட்டது. வேறு பிரிவிலிருந்த கருவேலம் கொன்றையோடு சேர்ந்துகொண்டது. சரம்சரமாகத் தொங்கும் கொன்றைப் பூவையும் கருவேலத்தின் மஞ்சள் உருண்டைப் பூவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்குத்தான் உறவென்று தோன்றும்? 1960-ல் மாநில எல்லையை மாற்றியபோது பக்கத்துப் பள்ளிப்பட்டு மதராஸ் மாநிலத்துக்குப் போனது, நாம் ஆந்திரத்தில் நின்றோம். அந்த எல்லைக்கோட்டால் கொடுத்து வாங்கிய சம்பந்தம் அற்றுப்போகவில்லை அல்லவா? அப்படித்தான் கொன்றை, கருவேலத்தின் உறவும்.

முன்பு மூன்றாகப் பிரித்த தாவரவியலாளர் ஜார்ஜ் பெந்தமைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மரபணு என்ற ஒன்றையே அறியாத காலத்தில், பூவையும் காயையும் பொறுமையாகப் பார்த்து வகுத்தவர். அவர் வகுத்ததில் கடலை, செம்மரம், புங்கன், துவரை எல்லாம் அடங்கிய கூட்டம் இன்றும் குலையாமல் நிற்கிறது. நிற்பதை வைத்துக்கொண்டு, நிற்காததை மட்டும் மாற்றினார்கள். வீட்டிலும் ஊரிலும் பெரியவர்கள் ஏற்படுத்தியதை நீங்களும் அப்படித்தான் பார்க்க வேண்டும். முழுதாகத் தூக்கி எறிவதும் கண்ணை மூடிக் காப்பதும் இரண்டுமே சோம்பல்.

2017 ஆய்வில் படிக்கப்பட்டவை ஐந்தில் ஒரு பங்கு இனங்கள் மட்டுமே. மீதியைப் படிக்க ஆள் வேண்டும். திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் தாவரவியல் துறை இருக்கிறது. செடிகொடிமேல் ஆசையுள்ள பிள்ளைகள் அதில் சேர்ந்து படியுங்கள், பெற்றோரும் தடுக்காதீர்கள்.