பாட்டியின் பன்னீர் ரோஜா

மலரை விரும்பாதார் உண்டோ? என் பாட்டி தொட்டியில் ஒரு பன்னீர் ரோஜா வளர்த்தார்கள். அவர்கள் மறைந்தபின் அது என் பொறுப்பாயிற்று. முதலாம் நினைவு நாளில் அதன் மலர்களைப் பாட்டியின் படத்துக்குச் சூட்ட ஆசைப்பட்டேன்.

விரைவில் பூக்கட்டும் என்று, அப்பா வயலுக்கு வாங்கிய யூரியாவில் ஒரு கைப்பிடி அள்ளி வேரடியில் போட்டேன். சில நாட்களில் இலையோரங்கள் கருகின. அழுதுகொண்டே அப்பாவிடம் ஓடினேன்.

"யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து, அம்மா. அது இலையை வளர்க்கும். பூவுக்கு மணிச்சத்தும் சாம்பல்சத்தும் வேண்டும். உரம் மிஞ்சினால் வேர் நீரை உறிஞ்ச முடியாமல் செடி வாடும்" என்றார்.

தொட்டியின் துளை வழியே வடிய வடியத் தண்ணீர் ஊற்றினோம். கருகிய கிளைகளை நறுக்கினோம். செடி தேறியபின் மக்கிய சாணமும் எலும்புத்தூளும் இட்டோம். அவை மெல்லக் கரைந்து உணவூட்டும். சாணம் மண்ணையும் பதமாக்கும். செயற்கை உரத்தைப் பிறகு சிறு அளவில் மட்டுமே சேர்த்தோம்.

நினைவு நாளன்று செடியில் பூ இல்லை. இரண்டு தளிர்களே இருந்தன. மறு ஆண்டோ ஏழு மலர்கள்! பாட்டி அவசரப்பட்டு நான் கண்டதில்லை. தோழியரே, அன்பாக இட்டாலும் அளவோடு இடுவோம்!