இறுவட்டோடு வந்த இனாம்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம் முன்னோர் வாக்கு. இனாமாக வந்த பொருளில் குற்றம் காண்பது பண்பன்று என்பது அதன் கருத்து. ஆனால் மாட்டின் விலையை வேறொரு பொருளின் விலைக்குள் மறைத்து நம்மிடமே வாங்கிக்கொண்டு, 'இது தானம்' என்று ஒருவர் சொல்வாராயின், பல்லை மட்டுமல்ல, குளம்பையும் பார்த்தே ஆக வேண்டும்.

வெளிநாடுகளில் விற்பனையாகும் ஹொலிவூட் படங்களின் புளூ-ரே பெட்டிகளில் 'டிஜிட்டல் பிரதியும் உண்டு' என்னும் வாசகத்தை வாசக அன்பர்கள் பலர் கண்டிருப்பீர்கள். பெட்டியைத் திறந்தால் உள்ளே படத்தட்டு இருக்கும். அதன் அருகே, சில எழுத்துகளும் எண்களும் அச்சிட்ட ஒரு துண்டுச்சீட்டு இருக்கும். அந்தக் குறியீட்டை உரிய இணையத்தளத்தில் பதிந்தால், அதே படம் உங்கள் கணக்கில் சேரும். பின்னர் கைத்தொலைபேசியிலோ கணினியிலோ அதைப் பார்க்கலாம். இந்தச் சீட்டினால் நாம் வாங்கும் பொருளின் பெறுமதி உண்மையாகவே கூடுகின்றதா என்பதே கேள்வி.

இந்த வழக்கத்துக்கு நீண்ட வரலாறு இல்லை. 2008 ஜனவரியில் ட்வென்டியத் சென்சுரி ஃபொக்ஸ் நிறுவனம், ஆப்பிள் நிறுவனத்துடன் சேர்ந்து, டீவீடியுடன் டிஜிட்டல் பிரதியையும் தரும் திட்டத்தை அறிவித்தது. ஆரம்பத்தில் இந்தப் பிரதி ஒரு கோப்பாகவே தட்டில் பதிந்து வந்தது. பூட்டுப் போட்ட கோப்புத்தான். ஆயினும் கணினிக்கு மாற்றிவிட்டால் அது நம் வீட்டில் இருந்தது. 2011இல் பல பெரிய பட நிறுவனங்கள் சேர்ந்து 'அல்ட்ராவயலட்' என்னும் பொது அமைப்பைத் தொடங்கின. அதன் பின்னர் கோப்பு மறையத் தொடங்கிக் குறியீடு நிலைத்தது. பொருளாக இருந்தது அனுமதியாக மாறிய இடம் இதுதான். பெயர் மட்டும் மாறவில்லை. பிரதி என்றே தொடர்ந்து அழைத்தார்கள்.

கொழும்பில் நாம் வேறொரு பாதையால் வந்தவர்கள். 1982இல் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கிய காலத்தை ஒட்டி, வீடியோ 'டெக்' வசதியுள்ள வீடுகளுக்குள் வந்தது. பின்னர் வெள்ளவத்தைக் காலி வீதியிலும், கொட்டாஞ்சேனை ஜெம்பட்டா வீதியிலும் வாடகைக்கு ஒளிநாடா எடுத்துவந்து விடிய விடியப் படம் பார்த்த தலைமுறை நம்முடையது. ஒளிநாடாவுக்குப் பின் வீசீடி வந்தது. ஒரு தட்டில் ஏறத்தாழ எழுபத்தைந்து நிமிடங்களே அடங்கும் என்பதால், இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் தமிழ்ப்படம் ஒன்றுக்கு மூன்று தட்டுகள் வேண்டும். உச்சக்கட்டம் இருக்கும் மூன்றாவது தட்டுத்தான் எப்போதும் கீறல் விழுந்திருக்கும்! அதன் பின்னர் டீவீடி வந்தது. லண்டனிலிருந்து 'ஐங்கரன்' வெளியிட்ட தட்டுகள் புலம்பெயர்ந்தோர் வீடுகளை நிறைத்தன. இந்தியாவில் 2007இல் 'மோசர் பேயர்' நிறுவனம் வீசீடியை 28 ரூபாவுக்கும் டீவீடியை 34 ரூபாவுக்கும் விற்கத் தொடங்கியது. திருட்டுத் தட்டின் விலைக்கே உண்மைத் தட்டைத் தந்தால் மக்கள் உண்மையை வாங்குவார்கள் என்பது அவர்கள் போட்ட கணக்கு. நல்ல கணக்குத்தான். ஆயினும் அந்நிறுவனம் கடனில் மூழ்கி, 2018இல் கலைப்புக்கு உள்ளானது.

இந்தத் தட்டுகளில் குறியீட்டுச் சீட்டு எதுவும் வரவில்லை. ஆனாலும் டிஜிட்டல் பிரதி நமக்குப் புதியதன்று. வீட்டுக் கணினியில் தட்டைப் போட்டு, பிள்ளைகள் தாங்களே அதை எடுத்துக்கொண்டார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நடைமுறையில் இருக்கையிலேயே, காலி வீதியின் தட்டுக் கடைகளில் நகல்கள் தாராளமாக விற்பனையாகின. அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. படம் எடுத்தவனின் வயிற்றில் அடித்த வியாபாரம் அது. எனினும் அந்த நகலுக்கு இருந்து உண்மைப் பிரதிக்கு இல்லாமற்போன ஒரு தன்மையைச் சொல்லாமல் விட முடியாது. கையில் வந்த பிறகு அதை எவரும் திரும்பப் பிடுங்க முடியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் தமக்கையின் மகன் ரொறன்ரோவிலிருந்து வந்தபோது, எனக்குப் பிடிக்கும் என்று ஓர் ஆங்கிலப் படத்தின் புளூ-ரே பெட்டியைக் கொண்டுவந்தான். விலை 25 டொலர். நம் பணத்தில் எத்தனை ஆயிரம் என்பதைப் பெருக்கிப் பார்க்க வேண்டாம் என்று என்னைத் தடுத்துவிட்டான். "மாமா, இதிலே கோட் ஒன்றும் இருக்கு. உங்கட போனிலேயே பார்க்கலாம்" என்று பெருமையோடு சொன்னான். வெள்ளவத்தைத் தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் உட்கார்ந்து அந்தக் குறியீட்டை இருவரும் மாறி மாறிப் பதிந்தோம். 'உங்கள் நாட்டில் இச்சேவை இல்லை' என்ற ஒரே பதிலே வந்தது. நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம். சீட்டின் பின்புறத்தில் பொடி எழுத்தில் அதையும் அச்சிட்டுத்தான் இருந்தார்கள். கூடவே ஒரு காலாவதித் திகதியும் இருந்தது. மருந்துப் போத்தலுக்கும் பால்மாவுக்கும் காலாவதி உண்டு. திரைப்படத்துக்கும் உண்டு என்பதை அன்றுதான் கண்டேன்.

தட்டுக்கும் பூட்டு உண்டு என்பதை மறைக்கக் கூடாது. உலகை வலயங்களாகப் பிரித்துத்தான் தட்டுகளை வெளியிடுகிறார்கள். டீவீடியில் வட அமெரிக்கா முதலாம் வலயம். இலங்கையும் இந்தியாவும் ஐந்தாம் வலயம். ஆயினும் எல்லா வலயத் தட்டுகளையும் ஓட்டும் கருவிகள் கொழும்பில் தாராளமாக விற்கப்பட்டன. தட்டின் பூட்டுக்குத் திறப்பு நம் ஊர்க் கடையில் கிடைத்தது. குறியீட்டின் பூட்டுக்குத் திறப்பு கலிபோர்னியாவில் இருக்கிறது.

பத்திரிகைத் தொழிலில் இருந்தவனுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். ஞாயிறு இதழ்களோடு இலவச இணைப்புகள் கொடுத்த காலம் உண்டு. அவை உண்மையில் இலவசம் அல்ல. அதன் செலவை விளம்பரக்காரரோ வாசகரோ எங்கோ கொடுத்துவிடுவார். ஆனால் இணைப்பு வாசகரின் கைக்குப் போன பின்னர் அது அவருடையது. வேண்டிய பக்கத்தை நறுக்கிப் புத்தகத்துக்குள் வைக்கலாம். அடுத்த வீட்டாருக்குக் கொடுக்கலாம். கடலை சுற்றவும் கொடுக்கலாம். பத்திரிகை நின்றுபோனாலும் நறுக்கு நிற்கும். பெட்டிக்குள் வரும் குறியீடு அத்தகைய இணைப்பு அன்று. நிறுவனத்தின் வாசிகசாலைக்குள் நுழைய நமக்குத் தரும் அட்டை அது. வாசிகசாலையை எப்போது பூட்டுவது என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள்.

பூட்டியும் விட்டார்கள். 3 கோடிக்கும் அதிகமான கணக்குகளைக் கொண்டிருந்த அல்ட்ராவயலட் 2019 ஜூலை 31இல் மூடப்பட்டது. வேறு கடைகளோடு தங்கள் கணக்கை முன்கூட்டியே இணைத்து வைத்திருந்தோரின் படங்கள் பெரும்பாலும் தப்பின. இணைக்காதவர்கள் கைவிடப்பட்டார்கள். இதைவிடக் கடுமையானது 'ஃபனிமேஷன்' கதை. ஜப்பானிய உயிரூட்டப் படங்களைத் தட்டாக விற்று, கூடவே டிஜிட்டல் பிரதியும் கொடுத்து வந்த நிறுவனம் அது. 'க்ரஞ்ச்ரோல்' சேவையோடு அதனை ஒன்றிணைத்து, 2024 ஏப்ரல் 2ஆம் திகதி தளத்தை மூடினார்கள். தட்டோடு வந்த டிஜிட்டல் பிரதிகள் புதிய இடத்துக்கு மாற்றப்படவில்லை. தட்டு வைத்திருந்தவர்களின் அலுமாரியில் மட்டும் படம் மிஞ்சியது.

இந்தச் சீட்டுக்குச் சந்தையில் விலை உண்டா என்றால், உண்டு. அமெரிக்காவில் 'ரெட்பொக்ஸ்' என்னும் வாடகை நிறுவனம், டிஸ்னி படப் பெட்டிகளைக் கடையில் வாங்கிப் பிரித்து, தட்டை வாடகைக்கு விட்டுச் சீட்டைத் தனியாக விற்றது. டிஸ்னி வழக்குத் தொடுத்தது. 2018 பெப்ரவரியில் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. டிஸ்னி தன் நிபந்தனை வாசகங்களைத் திருத்திக்கொண்டு மீண்டும் போக, அதே ஆண்டு ஆகஸ்டில் தடை கிடைத்தது. விற்கக்கூடிய பெறுமதி அந்தச் சீட்டுக்கு இருக்கிறது. ஆனால் காசு கொடுத்து வாங்கியவருக்கு அதைத் தனியே விற்கும் உரிமை இல்லை. இந்த வழக்கிலிருந்து நான் விளங்கிக்கொண்டது இதுவே.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தட்டுகள் அழியாதவை அல்ல. வெள்ளவத்தைக் கடற்காற்று கம்பியை மட்டுமல்ல, தட்டு ஓட்டும் கருவியையும் தின்னும். புதிய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் தட்டுப் போடும் வசதியே இல்லை. 2022இல் நாள் ஒன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீண்ட காலத்தில், கொட்டாஞ்சேனையில் வசிக்கும் என் பழைய அச்சகத் தோழர் ஒருவர், மகன் தொலைபேசியில் இறக்கி வைத்திருந்த படத்தைப் பேரப்பிள்ளைகளோடு இருட்டில் பார்த்ததாகச் சொன்னார். அலுமாரி நிறையத் தட்டு வைத்திருந்த நான் மெழுகுதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆக, டிஜிட்டல் பிரதியால் பயனே இல்லை என்பது பொய். அன்று அவருக்குப் பயன்பட்டது, இறக்கி வைத்த கோப்பு. எங்கோ ஒரு கணக்கில் மட்டும் இருக்கும் படம் அன்று அவருக்கும் உதவியிராது.

கலிபோர்னிய மாநிலம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்திய சட்டமும் இதே இடத்தில்தான் கோடு போடுகிறது. டிஜிட்டல் பொருளை 'வாங்குங்கள்' என்று விற்போர், வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ளக்கூடிய பொருளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

இந்த வேறுபாட்டில் நான் இவ்வளவு பிடிவாதம் காட்டுவதற்குக் காரணம் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றோடு போயின. 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ தீக்கிரையானது. 1962இல் 'சமுதாயம்' தொடங்கி, 'குத்துவிளக்கு', 'பொன்மணி', 'வாடைக்காற்று' என்று நாம் எடுத்த இலங்கைத் தமிழ்ப்படங்கள் கைவிரல்களை இரண்டு மூன்று முறை மடக்கினால் எண்ணி முடிக்கும் அளவினவே. அவற்றுள் எனக்குப் பார்க்கக் கிடைத்தவை மங்கிய ஒளிநாடாவிலிருந்து நகல் எடுத்தவை. அந்த நகலையும் யாரோ ஒரு வீட்டுக்காரர் எறியாமல் வைத்திருந்ததால்தான் கிடைத்தது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'நிதானய' படத்தின் மூல நெகட்டிவ் இல்லாத நிலையிலும், எஞ்சியிருந்த பிரதிகளைக் கொண்டு 2013இல் அதனை மீட்டெடுத்தார்கள். கையில் பிரதி இருந்ததால் அது முடிந்தது. ஒரு குறியீட்டிலிருந்து எந்தப் படத்தை மீட்க முடியும்?

டிஜிட்டல் பிரதி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் நம்மவரிடமே உதாரணம் உண்டு. 2005இல் தொடங்கிய 'நூலகம்' திட்டம், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேர்த்து, எவரும் இறக்கிக்கொள்ள விட்டிருக்கிறது. ஒஸ்லோவில் ஒருவரும் மட்டக்களப்பில் ஒருவரும் அதே நூலைத் தத்தம் கணினியில் வைத்திருக்கலாம். ஒரு தளம் போனாலும் நூல் போகாது.

ஆகவே, படப்பெட்டி வாங்கும் அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். சீட்டில்லாத பெட்டி குறைந்த விலைக்குக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். சீட்டோடு வந்தால், நீங்கள் இருக்கும் நாட்டில் அது செல்லுமா, காலாவதி எப்போது, இறக்கி வைத்துக்கொள்ள விடுகிறார்களா என்று பார்த்துவிட்டு, சில ஆண்டு வசதியாக அதை எண்ணிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் சொத்தாக எண்ண வேண்டாம். லண்டனிலும் பாரிஸிலும் ஸ்காபரோவிலும் வீட்டு நிலவறைகளில் பழைய ஒளிநாடாக்களை அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருப்போரிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. அவற்றை எறியும் முன் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். நம் ஊர்ப் படம் ஏதேனும் அதில் இருக்குமானால், அதை மின்வடிவுக்கு மாற்றி, மூன்று நாடுகளில் மூன்று பேரிடம் கொடுத்து வையுங்கள்.