மிளகாய்த்தூள் பாக்கெட்டில் எந்த முகவரி?

எங்கள் பினாயிலை வாங்கிய கடைக்காரர்கள் எங்கள் மிளகாய்த்தூளை வாங்கவில்லை. மூன்று ஆண்டு அனுபவத்தை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வோம்.

நாங்கள் பத்துப் பேர். எட்டுப் பேர் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு காலனியைச் சேர்ந்த பெண்கள். களை எடுப்பு, நடவு, நூறு நாள் வேலை என்று வாழ்கிறவர்கள். மற்ற இருவர் சமூகவியலில் முதுகலை முடித்துவிட்டு சமூகப்பணி செய்கிறவர்கள். நாங்களும் இன்னொரு காலனியில் பிறந்தவர்கள்தான்.

2022இல் ஒரு மாலை, காலனியில் ஒரு வீட்டுக்கு மாதம் என்ன செலவாகிறது என்று எழுதிப் பார்த்தோம். சோப்புத் தூள், பினாயில், மிளகாய்த்தூள், சாம்பார் பொடி எல்லாம் சேர்த்துச் சுமார் 600 ரூபாய். நூற்றிருபது வீடுகளுக்கு 72,000 ரூபாய். வெயிலில் நின்று சம்பாதிக்கும் கூலி, மாதந்தோறும் ஊர்த்தெருக் கடைகள் வழியாக வெளியே போய்விடுகிறது. இதில் பாதியையாவது நாமே தயாரித்து விற்றால் என்ன? அப்படித்தான் ஆரம்பித்தோம். ஆளுக்கு 3,000 ரூபாய் போட்டோம். மகளிர் குழுவில் 50,000 ரூபாய் கடன் எடுத்தோம்.

பினாயில் உடனே ஓடியது. காம்பவுண்டை வாங்கி, தண்ணீர் கலந்து, பாட்டிலில் ஊற்றி, சுற்று வட்டாரத்தில் பதினான்கு கடைகளுக்குப் போட்டோம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மாதம் மிளகாய்த்தூள் கொண்டுபோனோம். ஒரு கடைக்காரர் பாக்கெட்டைத் திருப்பி முகவரியைப் படித்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"பினாயில் எவ்வளவு வேணும்னாலும் போடுங்கம்மா. வாயில போடுறது மட்டும் வேணாம். நான் பாக்கல, வாங்குறவங்க கேக்குறாங்க."

பினாயில் பாட்டிலிலும் அதே முகவரிதான் இருந்தது. அதை யாரும் திருப்பிப் படிக்கவில்லை. கழிவறையைக் கழுவ நம் கை ஆகும், குழம்புக்கு ஆகாது. 2023இல் கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில், காலை உணவு சமைப்பவர் தலித் பெண் என்பதால் சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்த செய்தி வந்தபோது, எங்கள் பெண்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை.

உணவுப் பொருள் பாக்கெட்டில் தயாரிப்பாளர் முகவரி இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் முகவரி எங்கள் சாதியைச் சொல்லிவிடுகிறது. எனவே டவுனில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, அரைப்பதையும் பாக்கெட் போடுவதையும் அங்கே மாற்றினோம். பதிவையும் அந்த முகவரிக்கே மாற்றினோம். அதே மிளகாய், அதே கைகள். மாதம் 20 கிலோ போன இடத்தில் பொடி வகைகள் 130 கிலோ போயின.

எங்களில் படித்த இருவருக்கு இது உறுத்தியது. கூட்டம் போட்டோம். அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் பங்குச்சந்தை ஆலோசனை நிறுவனம் ஒன்று தொடங்கியதையும், அவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகியதையும் சொன்னோம். 2016இல் சந்திரபான் பிரசாத் 'தலித் ஃபுட்ஸ்' என்று பெயர் வைத்தே மசாலா விற்க வந்ததைச் சொன்னோம். நாமும் மறைக்கக் கூடாது என்றோம்.

எங்களில் மூத்த அக்கா ஒருவர் எழுந்தார். "உங்க ரெண்டு பேருக்கும் மாசம் பொறந்தா சம்பளம் வருது. எம் பேரனுக்கு நான்தான் ஃபீஸ் கட்டணும். மானம் வேணும்னு எனக்கும் தெரியும். ஆனா அத எங்க சோத்துல கை வச்சு வாங்காதீங்க."

எங்களிடம் பதில் இல்லை. ஒருவர் எப்போது தன்னை வெளிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று, பாதுகாப்பாக இருக்கிறவர்கள் முடிவு செய்யக் கூடாது. வகுப்பறையில் கற்காத பாடம் அது.

பிறகு முகவரிப் பேச்சை மறுபடி எடுத்ததும் அதே அக்காதான். ஆறு மாதம் கழித்துக் கணக்கு நோட்டோடு வந்தார். கிலோவுக்கு 60 ரூபாய் லாபம். 130 கிலோவுக்கு 7,800. அறை வாடகை 2,500, சரக்கு ஏற்ற ஆட்டோ 1,200. கையில் நிற்பது 4,100. "சாதிய மறைக்க மாசம் 3,700 ரூபாய் கட்டுறோம். இந்தப் பணத்துக்கு நாமளே தெருத்தெருவா போய் வித்தா என்ன?"

அறையைக் காலி செய்தோம். பக்கத்தில் உள்ள ஐந்து காலனிகளுக்கு நேரடியாகப் போனோம். சொந்த முகவரியில் இன்று மாதம் 85 கிலோ போகிறது. 5,100 ரூபாய் நிற்கிறது. கையில் வருவது கூடியிருக்கிறது. ஆனால் இதை முழு வெற்றி என்று எழுத மனம் வரவில்லை. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நம் மக்கள்தான். பதினான்கு கடைகளில் மூன்று மட்டுமே எங்கள் மிளகாய்த்தூளை வைக்கின்றன. பினாயில் பதினான்கிலும் இருக்கிறது.

2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் சொல் போனாலும், "எந்தப் பக்கம்?" என்று கேட்கும் வாய் போகவில்லை.

அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் முதலீட்டுக்கு 35 சதவீத மானியம் இருக்கிறது. அதுவும் தேவைதான். ஆனால் எங்களுக்கு இப்போது தேவை முதலீடு அல்ல, வாங்கும் கை. ஆதிதிராவிடர் நலத்துறையின் விடுதிகளுக்கும், காலை உணவுத் திட்டச் சமையலறைகளுக்கும் வேண்டிய மிளகாய்த்தூளில் ஒரு பங்கை எங்களைப் போன்ற குழுக்களிடம் அரசு வாங்கட்டும். கடனைக் கொடுத்துவிட்டு, சாதி பார்க்கும் சந்தையில் எங்களைத் தனியே நிறுத்தினால், வட்டி மட்டும்தான் மிஞ்சும்.

இந்த மாதம் புதிய லேபிள் அடித்திருக்கிறோம். முகவரி இந்த முறை பாக்கெட்டின் முன்பக்கத்தில் இருக்கிறது. அப்படிப் போடச் சொன்னவர் அந்த அக்காதான்.

ஜெய் பீம்.